கோலும் உளியும்: நாஞ்சில் நாட்டு வீட்டுத் தச்சுப்பட்டறையின் கதை

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள் முதலில் வந்து நிற்கும் இடம் பூமுகம். அங்கு நின்று தலையை உயர்த்திப் பார்த்தால், மரக்கூரையின் அடிப்புறத்தில் 90 வகைப் பூக்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு பூவைப் போல் மற்றொரு பூ இல்லை. உள்ளே, அரண்மனையின் மிகப் பழைய பகுதியாகிய தாய்க் கொட்டாரத்தில், ஒரே பலாமரத்திலிருந்து செதுக்கி எடுத்த தூண் ஒன்று நிற்கிறது. 1601-ஆம் ஆண்டு வாக்கில் கட்டத் தொடங்கியதாகக் கூறப்படும் இந்த அரண்மனை, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும்வரை ஆட்சியின் இருப்பிடமாக விளங்கியது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், கேரள அரசின் தொல்லியல் துறையே இதனைப் பேணி வருகிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

அரண்மனையைச் சுற்றிப் பார்த்து வெளியே வருபவர் மன்னர்கள் சிலரின் பெயர்களை அறிந்துகொண்டு திரும்புகிறார். அந்தப் பூக்களைச் செதுக்கியவர்களின் பெயர்களை எவரும் அறியார். வரலாற்றை அரியணையின் பக்கமிருந்து எழுதுவது நம் வழக்கமாகிவிட்டது. பட்டறையின் பக்கமிருந்து எழுதிப் பார்த்தால் என்ன தெரியும்? எந்தக் கருவியைக் கொண்டு அந்தப் பூ மலர்ந்தது? அந்தக் கருவி எந்த வீட்டுத் திண்ணையில் தீட்டப்பட்டது? அதைப் பிடிக்க யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை? இந்த வினாக்களின் வழியே நம் மண்ணின் வீட்டுத் தச்சுப்பட்டறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

கலப்பையின் பெயரால் ஒரு நாடு

'நாஞ்சில்' என்பது கலப்பையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நாஞ்சில் நாடு என்னும் பெயரைக் கேட்டவுடன் வயலும் உழவரும் நம் நினைவுக்கு வருகின்றனர். அது சரியே. ஆனால் உழவர் கையில் இருக்கும் கலப்பை தச்சர் வீட்டில் பிறந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கலப்பை, நுகம், வண்டிச்சக்கரம், வீட்டின் நிலையும் கதவும், நெல்லைக் கொட்டி வைக்கும் பத்தாயம், குழந்தைக்குத் தொட்டில், இறந்தவருக்குப் பெட்டி என்று வாழ்வின் எல்லாத் திருப்பங்களிலும் மரவேலை செய்பவரின் கை நமக்குத் தேவைப்பட்டது.

சங்க இலக்கியமும் இதனை அறிந்திருந்தது. அதியமானின் ஆற்றலைச் சொல்ல வந்த ஔவையார், நாள் ஒன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாக்குகிறார். புறநானூற்றின் 87-ஆம் பாடல் அது. விரைவு என்பது ஒரு திறமை. விரைய முடிந்தும் விரையாமல் இருப்பது அதைவிடப் பெரிய திறமை என்னும் தச்சுத்தொழிலின் உண்மை அந்த உவமைக்குள் அடங்கியிருக்கிறது. வாயில் அடைத்தால் புலவர் வேறு வாயில் தேடிப் போவர், கைத்திறன் உடையவர்க்கு எங்கும் சோறு உண்டு என்று சினந்து கூறும் மற்றொரு பாடலில், மழு ஏந்திக் காட்டுக்குள் செல்லும் தச்சனின் பிள்ளைகளை அவரே எடுத்துக்காட்டுகிறார். கையில் கருவி இருப்பவன் பிறரைக் கெஞ்ச வேண்டியதில்லை என்னும் தன்மானம் அதில் ஒலிக்கிறது.

வீடே பட்டறை

நாஞ்சில் நாட்டுத் தச்சருக்கு இரண்டு பணியிடங்கள் இருந்தன. வீடு கட்டும் வேலை என்றால், வேலை நடக்கும் இடமே பட்டறை; கருவிப் பெட்டியைத் தோளில் சுமந்து அவர் அங்கே செல்வார். கலப்பை, பெட்டி, கட்டில் போன்றவற்றுக்கு அவருடைய வீட்டின் சாய்ப்போ திண்ணையோ போதும். மேசையும் இல்லை, இரும்புப் பிடியும் இல்லை. தரையில் அமர்ந்து, மரத்தைக் கால்களால் அழுத்திப் பிடித்து வேலை செய்வார். அவருடைய பாதங்களே பிடிக்கருவி. மேலைநாட்டார் உயரமான மேசையில் மரத்தை இறுக்கிவிட்டு நின்று வேலை செய்ய, நம்மவர் தரையையே மேசையாகக் கொண்டனர். ஒரு சாண் தளமும் வெளிச்சமும் கிடைத்தால் போதும். எங்கும் பட்டறை அமைத்துவிடலாம்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தவை எண்ணிக்கையில் குறைவு. மரத்தை முதலில் உருவாக்கத் தரும் வாச்சி. அறுக்கும் வாள். தட்டை உளி, துளை உளி, வளைவு வெட்டும் நகவுளி எனச் சில உளிகள். உளியைத் தட்டும் கொட்டாப்புளி. மேற்பரப்பை மழமழவென ஆக்கும் இழைப்புளி. கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துத் துளையிடும் துரப்பணம். சதுரம் பார்க்க மூலைமட்டம், வட்டம் போடக் கவராயம், நேர்கோடு அடிக்கக் கரி தோய்த்த நூல். இவற்றுக்கெல்லாம் தலையாயது கோல்.

கோல் வெறும் அளவுக் குச்சி அன்று. பழைய திருவிதாங்கூர்ப் பகுதியின் தச்சுநூல் மரபில் ஒரு கோல் 24 விரல் கொண்டது. ஒரு விரல் எட்டு யவம். இன்றைய அளவில் ஒரு கோல் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர், ஒரு விரல் 3 சென்டிமீட்டர். வாசலின் உயரம், அறையின் சுற்றளவு, தூணின் பருமன் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று கொண்ட விகிதமாகவே மனப்பாடமாய்க் கற்பிக்கப்பட்டன. படம் வரையும் வழக்கம் குறைவு. வீடு முழுவதும் மூத்த ஆசாரியின் நினைவில் நின்றது. பின்னர் அடியும் அங்குலமும் வந்தன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மெட்ரிக் அளவு நாட்டுக்கு வந்தது. ஆயினும் மரக்கடையில் இன்றும் 'கன அடி' என்றே விலை பேசுகிறோம். அளவுகள் சட்டத்தால் மாறுகின்றன. கையின் பழக்கத்தால் அல்லவோ அவை நிலைக்கின்றன.

மரமும் மழையும் மன்னரும்

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது. வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது. வயலுக்கு இது வரம். தச்சருக்கு இது சோதனை. மரம் வெட்டப்பட்ட பின்னும் காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும், வறண்டால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் மிகச் சிறிது, அகலவாக்கில்தான் அதிகம். ஆண்டு வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், மையத்திலிருந்து வெளிநோக்கிய சுருக்கத்தைப் போல் பெரும்பாலான மரங்களில் ஏறக்குறைய இரு மடங்கு. எனவேதான் பலகை வளைகிறது; மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்கிறது.

இதனை நூல் படித்து அறியாத தச்சர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். கதவின் நடுப்பலகையை ஆணி அடித்தோ பசை ஒட்டியோ இறுக்காமல், சட்டத்தில் வெட்டிய காடிக்குள் தளர்வாக நிற்கவிட்டனர்; பலகை விரிந்து சுருங்க இடம் கிடைத்தது. துளையும் கழுந்துமாகச் சேர்த்து, குறுக்கே ஒரு மர ஆணி அறைந்த மூட்டு, இரும்பு ஆணியைப்போல் துருப்பிடிக்காமல் தலைமுறைகளைத் தாண்டி நின்றது. ஓர் அங்குலக் கனமுள்ள பலகை நிழலில் காய ஓராண்டு என்பது பழைய கணக்கு. பரணிலும் சாய்ப்பிலும் பலகைகளை இடைவெளி விட்டு அடுக்கி வைத்துக் காத்திருந்தனர். காத்திருப்பதும் தொழிலின் ஒரு பகுதியே.

ஆனால் எந்த மரத்தையும் எவரும் வெட்டிவிட முடியாது. திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரசுக்குரிய மரங்கள். தனியார் நிலத்தில் நின்றாலும் அவை அரசுடைமையே. எனவே சாதாரண வீடுகளின் மரம் பலாவும் அயனியும் மாவும் பூவரசும் வேம்பும் பனையுமாகவே இருந்தது. பனங்கை தாங்கிய கூரைகள் நம் ஊர்களில் எத்தனை! வனக் காப்பாளராயிருந்த பூர்டிலன் 1908-இல் திருவிதாங்கூர் வனமரங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் ஏட்டில் எழுதி வைத்த அறிவில் பெரும்பகுதி, இம்மண்ணின் தச்சரும் காணி மக்களும் கைப்பழக்கமாக வைத்திருந்த அறிவே.

தச்சராய் வந்த தூதர்

மரவேலைக்கும் நம் நம்பிக்கைக்கும் உள்ள உறவு பழமையானது. மத்தேயுவும் மாற்குவும் இயேசுவின் குடும்பத் தொழிலைக் குறிக்கக் கையாளும் 'தெக்தோன்' என்னும் கிரேக்கச் சொல், மரத்திலும் கட்டடத்திலும் கைவேலை செய்பவரைச் சுட்டும். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின், இயேசு கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று எழுதிவைத்தார். கலப்பையின் பெயரைத் தாங்கிய நாட்டில் வாழும் நமக்கு இச்செய்தி மற்றவர்களைவிட நெருக்கமானது அன்றோ!

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவில் எழுந்த 'தோமாவின் பணிகள்' என்னும் நூல், திருத்தூதர் தோமையார் இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்கிறது. அப்பான் என்னும் வணிகர், கொந்தபரசு மன்னருக்காகத் திறமையான தச்சர் ஒருவரைத் தேடி வருகிறார். உனக்கு என்ன தெரியும் என்று கேட்கும்போது, மரத்தில் கலப்பையும் நுகமும் தோணியும் துடுப்பும் பாய்மரமும், கல்லில் தூணும் கோவிலும் அரண்மனையும் செய்வேன் என்கிறார் தோமையார். இக்கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புனைவு என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். ஆனால் நற்செய்தியின் தூதர் ஒருவர் அந்நிய நாட்டின் வாசலில் காட்டிய முதல் அடையாளம் அவருடைய கைத்தொழில் என்று ஆதித் திருச்சபை நினைத்ததே, அது சிந்தனைக்குரியது. ஓவியர்கள் அவர் கையில் மூலைமட்டத்தை வரைவதும் இதனால்தான். அவருடைய பெயரோடு மரபு இணைத்துப் பேசும் அரைப்பள்ளி, பத்மநாபபுரத்துக்கு அருகே திருவிதாங்கோட்டில்தான் உள்ளது.

1955-இல் பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான தூய சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். அவ்விழாவன்று பீடத்தில் உளியும் இழைப்புளியும் வைத்து மந்திரிக்கிறோம். மறுநாள் அதே உளியைப் பிடிப்பவரை நாம் எப்படி அழைக்கிறோம், எப்படி நடத்துகிறோம் என்பது வேறு கேள்வி.

உளியைப் பிடிக்கும் உரிமை

இங்கேதான் வரலாறு கசக்கத் தொடங்குகிறது. வீட்டுப் பட்டறை ஓர் அருமையான பள்ளி. ஆனால் அது ஒரு சாதியின் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்திருந்த பள்ளி. தச்சு என்றால் ஆசாரி வீட்டுப் பிள்ளை. அவனுக்கு வேறு வழி இல்லை, மற்றவனுக்கு அந்த வழி இல்லை. அறுவடையின்போது களத்துமேட்டில் அளக்கும் நெல்லே ஆண்டுக்கூலி. அரண்மனைக் கூரையில் 90 பூக்களைச் செதுக்கிய திறமைக்கும், அந்தத் திறமை உடையவருக்குச் சமூகம் கொடுத்த இடத்துக்கும் பொருத்தமே இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வேலி மெல்லத் தளர்ந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியும், 1888-இல் திருவனந்தபுரத்தில் அமைந்த கலைப்பள்ளியும் கைத்தொழிலை வகுப்பறைக்குள் கொண்டுவந்தன. மறைப்பணியாளர்களும் அச்சு, தையல், மரவேலை ஆகியவற்றைக் கற்பிக்கும் தொழிற்பள்ளிகளைப் பல இடங்களில் நடத்தினர். திருச்சிராப்பள்ளியில் தூய சூசையப்பர் தொழிற்பள்ளியின் அச்சகம் வெளியிட்ட நூல்கள் பழைய நூலகங்களில் இன்றும் கிடைக்கின்றன. தந்தையின் தொழில் எதுவாயினும், கற்க வருபவனுக்கு உளியைக் கொடுக்கலாம் என்பது அன்று பெரிய மாற்றம்.

இதே கேள்வி விடுதலைக்குப் பின் மீண்டும் எழுந்தது. 1937-இல் காந்தியடிகள் முன்வைத்த வார்தா கல்வித் திட்டம், எல்லாக் குழந்தைகளும் ஏதேனும் ஒரு கைத்தொழிலின் வழியாகக் கற்க வேண்டும் என்றது. 1953-இல் சென்னை மாநில முதல்வர் இராஜாஜி கொண்டுவந்த திட்டமோ, குழந்தைகள் பாதி நேரம் பள்ளியிலும், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலிலும் ஈடுபட வேண்டும் என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். இல்லை. முன்னது கருவியை எல்லார் கையிலும் வைத்தது. பின்னது அவரவர் தகப்பன் கையிலிருந்த கருவியையே பிள்ளையின் கையில் வைத்தது. 'குலக்கல்வித் திட்டம்' என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954-இல் முதல்வரான காமராசர் அதனைக் கைவிட்டார். அப்போது நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்ததால் அத்திட்டம் நம்மைத் தொடவில்லை. ஆனால் அது எழுப்பிய வினா நம்மையும் தொடுகிறது.

1950-இல் நடுவண் அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழியே தொழிற்பயிற்சி நிலையங்கள் வந்தன. அண்மைக் காலத்திலும் அதே விவாதம் தொடர்கிறது. 2023 செப்டம்பரில் நடுவண் அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டம், தச்சு உள்ளிட்ட 18 தொழில்களில் இருப்போருக்குக் கருவிகள் வாங்க ரூ. 15,000 உதவி அளிக்கிறது. குடும்பத் தொழிலை வலியுறுத்துவதாகக் கூறி அதனை ஏற்காத தமிழ்நாடு அரசு, 35 வயது கடந்தோருக்காக 25 தொழில்களைக் கொண்ட 'கலைஞர் கைவினைத் திட்டம்' என்னும் வேறு திட்டத்தை 2025-இல் தொடங்கியது. அரசியலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், பிறப்பும் தொழிலும் ஒன்றா என்னும் பழைய கேள்வி இன்னும் உயிரோடு இருப்பது தெரிகிறது.

கயிறு இழுத்த சிறுவன்

பட்டறைக்குள் நடந்த வேறொரு மாற்றத்தை வரலாற்று நூல்கள் பெரிதாகப் பேசுவதில்லை. பழைய மர இழைப்புளியில் இரும்பு அலகை ஓர் ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கும். அலகு வெளியே நீளவும் உள்ளே போகவும் சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். எந்தத் தட்டு போதும் என்பதைக் காதுதான் சொல்லும். அமெரிக்காவில் லியோனார்டு பெய்லி 1867-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், திருகைச் சுழற்றினால் அலகு நூலிழை அளவு நகரும். ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் அந்த உரிமையை வாங்கி உலகெங்கும் பரப்பியது. காது செய்த வேலையைத் திருகு செய்யத் தொடங்கியது.

பின்னர் மின்சாரம் வந்தது. 1895-இல் ஜெர்மனியில் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கும் மின் துரப்பணத்தைச் செய்தது; 1917-இல் பிளாக் அண்டு டெக்கர் துப்பாக்கிப் பிடி கொண்ட துரப்பணத்துக்குக் காப்புரிமை பெற்றது. 1920-களில் கையில் ஏந்தும் வட்டவாள் வந்தது. நம் ஊர்ப் பட்டறைகளை இவை எட்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1991-க்குப் பிந்தைய திறந்த சந்தையில்தான் சாதாரணத் தச்சரும் வாங்கும் விலைக்கு அவை வந்தன.

உடல் நோவு குறைந்தது, வேலை விரைந்தது. இதில் வருந்த எதுவும் இல்லை. இரண்டு பேர் நாள் முழுவதும் இழுத்த அறுப்புவாளின் வேலையை ஆலை சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஆனால் அந்தப் பழைய கருவிகளுக்கு ஒரு தன்மை இருந்தது. துரப்பணத்தின் கயிற்றை இழுக்க ஓர் ஆள் வேண்டும். அகலமான பலகையை இழைக்கும்போது ஒருவர் பின்னிருந்து தள்ள, எதிரே அமர்ந்தவர் இழைப்புளியின் முன்குச்சியைப் பிடித்து இழுக்க வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன். மகனோ மருமகனோ, கயிறு இழுத்தபடியே அவன் மரத்தின் ஓட்டத்தைக் கண்ணால் கற்றான். எங்கே உளி தயங்குகிறது, எங்கே மரம் கிழிகிறது என்பதைப் பாடம் கேளாமலே அறிந்தான். மின்கருவி வந்தபோது அந்த எதிர் இருக்கை காலியாயிற்று. சிறுவன் பள்ளிக்குப் போனான். அது அவனுடைய உரிமை, நாம் மகிழ வேண்டிய செய்தி. ஆயினும் அவன் அமர்ந்திருந்த இடத்தில் வேறு எவரையும் நாம் அமர்த்தவில்லை. மூத்தவர் தனியே வேலை செய்தார். அவர் கண்மூடியபோது அவருடைய கையறிவும் அவரோடு போயிற்று.

வளைகுடாப் பயணமும் சேர்ந்துகொண்டது. 1970-களிலிருந்து நம் இளைஞர் பலர் தச்சராகவும் கட்டடத் தொழிலாளராகவும் கடல் கடந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் ஊரில் வீடுகளாக எழுந்தது. அவ்வீடுகளின் கதவுகளும் அலமாரிகளும் நாளடைவில் தொழிற்சாலைப் பலகைகளாலும் இரும்பாலும் நெகிழியாலும் ஆயின.

எனினும் மாற்றம் எப்போதும் இழப்பாகவே முடிவதில்லை என்பதற்கு நம் கடற்கரையே சான்று. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வேண்டிய பெருமரங்கள் அரிதாகவே, 1980-களில் முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகள் கட்டப்பட்டன. பெல்ஜிய நாட்டவரான பியர் கில்லே இந்த முயற்சியில் ஈடுபட்டு, அதன் இடர்களையும் வெற்றிகளையும் 1985-இல் நூலாக எழுதினார். மழுவையும் வாச்சியையும் கொண்டு பெருமரங்களைச் செதுக்கி உருவாக்கிய கலங்களின் இடத்தில், அளந்து அறுத்துப் பொருத்தும் புதிய வகைத் தச்சு வேர்கொண்டது. கருவி மாறியது, கடலை அறிந்த கண் மாறவில்லை. மாவட்டத்தில் ஏராளமாகக் கிடைக்கும் ரப்பர் மரமும் இப்படித்தான். பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எளிதில் இரையாவதால் விறகாகப் போன மரம், போரான் உப்பில் பதப்படுத்தி உலர்த்தும் முறை வந்தபின் நாற்காலியும் மேசையுமாகிறது.

மீண்டும் ஒரு சாய்ப்பு

அப்படியானால் வீட்டுப் பட்டறைக்கு எதிர்காலம் உண்டா? சாதியின் கூண்டாக அது திரும்ப வேண்டாம். விரும்பும் எவரும், ஆணோ பெண்ணோ, பணியாளரோ ஓய்வுபெற்றவரோ, தம் வீட்டில் அமைத்துக்கொள்ளும் கைவேலைக் கூடமாக அது திரும்பி வரலாம். அதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை; முறை வேண்டும்.

இடம்: மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள சாய்ப்பு. நேர் வெயில் விழாமல், வடக்கிலிருந்து வெளிச்சம் கிடைத்தால் மிக நன்று. தரையில் அமரும் பழக்கம் இல்லாதவர் ஒரு கனமான மேசை அமைக்கலாம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டுக்குச் சற்றுக் கீழே மேசையின் உயரம் இருப்பது கை இழைப்புக்கு ஏற்றது. மேசை ஆடக்கூடாது, ஆடும் மேசையில் செய்த வேலையும் ஆடும்.

கருவி: தொடக்கத்தில் ஒரு கைவாள், கால், அரை, ஓர் அங்குல அகலத்தில் மூன்று உளிகள், ஒரு கொட்டாப்புளி, ஓர் இழைப்புளி, மூலைமட்டம், அளவுநாடா, சாணைக்கல் இவை போதும். மின்கருவி வாங்குவதற்கு முன் உளியைத் தீட்டக் கற்றுக்கொள்வது நல்லது. அலகின் முதுகுப்புறம் முழுத் தட்டையாக இருக்க வேண்டும். சரிவை 25 பாகையில் தேய்த்து, நுனியை மட்டும் 30 பாகையில் மெருகேற்ற வேண்டும். நுனியின் பின்புறத்தில் விரலை மெல்ல வருடினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும் வரை தேய்த்துவிட்டு, திருப்பிப் போட்டு அந்தப் பிசிறை நீக்கினால் உளி ஆயத்தம். மழுங்கிய உளி பாதுகாப்பானது என்று நினைப்பவர் தவறாக நினைக்கிறார். அதற்குக் கூடுதல் விசை தேவைப்படும், விசை கூடினால் கை வழுக்கும். உளி செல்லும் திசையில் மற்றொரு கை இருக்கக் கூடாது என்பது முதல் விதி.

இழைப்புளியின் அலகை மயிரிழை அளவே வெளியே விட்டு, மரத்தின் நார் ஏறும் திசையில் தள்ள வேண்டும். நாருக்கு எதிராகத் தள்ளினால் மரம் பெயர்ந்து வரும். திருப்பிப் போட்டுத் தள்ளினால் அதே மரம் பட்டுச்சுருளாய்ச் சீவல் கொடுக்கும். நம் கடற்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும் ஆகையால், வேலை முடிந்ததும் தூசியைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

மின்கருவி வாங்குவோர் நில இணைப்பையும் கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புக் கருவியையும் முதலில் அமைக்க வேண்டும். மரத்தூளை அற்பமாக எண்ண வேண்டாம். உலக நல்வாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-இல் அதனைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வரிசையில் சேர்த்தது. முகக்கவசம், கண்ணாடி இரண்டும் கருவிப் பெட்டியின் உறுப்புகளே. தொங்கும் மேலாடையும் கைவளையும் சுழலும் அலகுக்கு அருகே வரக்கூடாது.

முதல் வேலையாக ஒரு சிறு முக்காலியோ, திருவிவிலியம் வைக்கும் மனையோ செய்து பார்க்கலாம். கால்கள் அனைத்தும் தரையில் ஒருசேரப் படிந்து நிற்பதற்குள் பொறுமை என்றால் என்னவென்று கைகள் கற்றுவிடும். விலை கொடுத்து வாங்கும் நாற்காலியை அதன்பின் நாம் வேறு கண்ணால் பார்ப்போம். அதைச் செய்தவரிடம் பேரம் பேச நாக்குக் கூசும்.

நம் பங்குகளில் கூடங்கள் உள்ளன. விடுமுறை நாள்களில் அவை பூட்டியே கிடக்கின்றன. நம் ஊர்களில் மூத்த ஆசாரிமார் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார்தான் இல்லை. கோடை விடுமுறையில் இரண்டு வாரம் அவர்களை ஆசிரியர்களாக அழைத்து, உரிய மதிப்பூதியம் கொடுத்து, சாதி பாராமல், பெண்பிள்ளைகளையும் சேர்த்து, உளி பிடிக்கக் கற்பித்தால், காலியாய்க் கிடக்கும் அந்த எதிர் இருக்கையில் மீண்டும் ஒருவர் அமர்வார்.

பல வீடுகளின் பரண்களில் தாத்தாவின் கருவிப் பெட்டி தூசிபடிந்து கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் தெருவில் வரும்போது அது எடைக்குப் போகிறது. கொல்லர் உலையில் காய்ச்சி அடித்த அந்த உளியின் எஃகு பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். துருவைத் தேய்த்து, கல்லில் தீட்டினால் அது மீண்டும் மரம் வெட்டும். அடுத்த முறை பெட்டியைக் கீழே இறக்கும்போது, தராசில் வைப்பதற்கு முன், அதிலிருந்து ஓர் உளியையாவது எடுத்து வையுங்கள். உங்கள் பேத்தி கேட்கக்கூடும்.